டிரான்சம்: படகின் பின்பலகையை அறிதல், அளத்தல், பேணுதல்

படகு வாங்குபவரும் படகுக்கு மோட்டார் வாங்குபவரும் முதலில் தடுமாறும் சொற்களுள் டிரான்சம் ஒன்று. விற்பவர் 'டிரான்சம் உயரம் எவ்வளவு?' என்று கேட்கும்போது, படகின் பின்புறத்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று புரிந்துகொண்டு ஏதோ ஓர் அளவைச் சொல்லிவிடுகிறோம். அந்த அளவு நான்கைந்து அங்குலம் பிசகினாலே வாங்கிய மோட்டார் அந்தப் படகுக்குப் பயன்படாமல் போய்விடும். எனவே இந்தச் சொல் எதைச் சுட்டுகிறது, எதைச் சுட்டவில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொண்டு, பிறகு அளப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் செல்வோம்.

படகின் முன்பகுதிக்குத் தமிழில் அணியம் என்று பெயர். அதற்கு எதிரே இருக்கும் பின்பகுதி முழுவதையும் பொதுவாகப் பின்புறம் என்கிறோம். டிரான்சம் என்பது அந்தப் பின்பகுதி முழுவதையும் குறிக்காது. இரண்டு பக்கச் சுவர்களும் அடித்தளமும் பின்னால் வந்து முடியும் இடத்தில், அவற்றைக் குறுக்காக மூடி நிற்கும் தட்டையான, அல்லது சற்றே வளைந்த, பலகை போன்ற பரப்புக்கு மட்டுமே அந்தப் பெயர். பின்புறம் என்பது ஒரு பகுதி. டிரான்சம் என்பது ஓர் உறுப்பு. இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ள ஓர் எளிய வழி உண்டு. இரண்டு முனைகளும் கூராக முடியும் படகுகளை நினைத்துப் பாருங்கள். அவற்றுக்குப் பின்புறம் உண்டு, டிரான்சம் கிடையாது. அத்தகைய படகில் மோட்டார் மாட்ட வேண்டுமானால் பக்கவாட்டில் ஒரு தாங்கியைக் கட்டுவார்கள், அல்லது படகின் உடலிலேயே அதற்கென ஒரு குழிவு அமைப்பார்கள்.

இந்தச் சொல் பெரும்பாலும் குறுக்குச் சட்டத்தைக் குறிக்கும் டிரான்ஸ்ட்ரம் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. துடுப்பு வலிப்பவர்கள் அமரும் குறுக்குப் பலகைக்கும் அந்த இலத்தீன் சொல் வழங்கியது. கட்டடக் கலையில் கதவுக்கு மேலே குறுக்காகச் செல்லும் சட்டத்தையும், அதற்கு மேலுள்ள சிறு சாளரத்தையும் இன்றும் டிரான்சம் என்றே அழைக்கிறார்கள். பழைய மரக்கப்பல்களில் பின்கம்பத்தின் மீது குறுக்காக அடுக்கப்பட்ட பல உத்திரங்களுக்கு இந்தப் பெயர் இருந்தது. நாளடைவில் அந்த உத்திரங்களால் உருவான தட்டைப் பரப்புக்கே பெயர் ஏறிவிட்டது. சொல்லின் வேரில் 'குறுக்கு' என்ற பொருள் இருப்பதை நினைவில் வைத்தால், படகில் எந்தப் பரப்பைச் சுட்டுகிறோம் என்பதில் குழப்பம் வராது.

எல்லா டிரான்சமும் ஒரே கோணத்தில் நிற்பதில்லை. செங்குத்தாக நிற்பதும் உண்டு. மேல்விளிம்பு வெளியே சாய்ந்து நிற்பதும் உண்டு. சில பாய்மரப் படகுகளில் இது தலைகீழாக மாறி, மேல்விளிம்பு உள்ளேயும் கீழ்விளிம்பு வெளியேயும் அமையும். படகுக்கு வெளியே டிரான்சத்தில் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டாருக்கெனக் கட்டப்படும் படகுகளில் டிரான்சம் பெரும்பாலும் 12 முதல் 14 டிகிரி வரை வெளியே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு அழகுக்காக வைக்கப்பட்டதன்று. மோட்டாரின் காலை, அதாவது நீருக்குள் இறங்கும் அதன் கீழ்ப்பகுதியை, படகின் அடியை நோக்கி உள்ளே இழுத்து வைக்க அது இடம் தருகிறது. அப்படி இழுத்து வைத்தால்தான் படகு கிளம்பும்போது அணியம் வானத்தைப் பார்க்காமல் தாழ்ந்து நிற்கும். டிரான்சம் செங்குத்தாக உள்ள படகில் இந்த வசதி கிடைக்காது. அங்கே மோட்டாரின் தாங்கிக்கும் பலகைக்கும் இடையில் ஆப்பு வடிவத் துண்டுகளை வைத்துக் கோணத்தைச் சரிசெய்வார்கள்.

தட்டையான பின்பலகை எதற்காக என்ற கேள்விக்கு விடை நீரோட்டத்தில் இருக்கிறது. வேகமாகச் செல்லும் படகின் அடியில் ஓடிவரும் நீர், டிரான்சத்தின் கூரிய கீழ்விளிம்பை அடைந்ததும் பலகையின் மேல் ஏறாமல் பிரிந்து பின்னே சென்றுவிடுகிறது. அதனால் பலகையின் வெளிப்பக்கம் நீரில் நனையாமல் காய்ந்தே நிற்கும். படகு மெதுவாகச் செல்லும்போது நிலைமை வேறு. அப்போது நீர் பலகையின் பின்னால் சுழன்று, படகைப் பின்னோக்கி இழுக்கும். துடுப்புப் படகுகளின் டிரான்சத்தைக் கவனித்தால் அதன் கீழ்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்று மேலாகவோ இருப்பதைக் காணலாம்; மெதுவான படகுக்கு அதுவே ஏற்றது. இதிலிருந்து உடனே பயன்படும் ஒரு சோதனை கிடைக்கிறது. துடுப்புப் போட்டுச் செல்கையில் திரும்பிப் பாருங்கள். டிரான்சத்தின் பின்னால் நீர் கொப்பளித்துச் சுழன்றபடி உங்களோடு தொடர்ந்து வந்தால், பின்புறத்தில் எடை அதிகம் என்று பொருள். அமர்ந்திருப்பவர் ஒருவர் ஓரடி முன்னே நகர்ந்தாலே சுழல் குறைவதைக் கண்ணால் காணலாம். துடுப்புப் போடுபவருக்குக் கையிலும் அது தெரியும்.

உயரத்தை அளக்கும் முறை

டிரான்சம் உயரம் என்பது படகின் உயரமன்று. பக்கச் சுவரின் உயரமும் அன்று. பெரும்பாலான மோட்டார் படகுகளில் டிரான்சத்தின் நடுப்பகுதி சற்றே தாழ்வாக வெட்டப்பட்டிருக்கும். மோட்டாரின் தாங்கி அந்த வெட்டின் விளிம்பில்தான் உட்காரும். அந்த விளிம்பிலிருந்து, நடுக்கோட்டில், படகின் அடிப்பரப்பு வரை உள்ள தொலைவே நமக்கு வேண்டிய உயரம். புதியவர்கள் மிகுதியாகச் செய்யும் பிழை, இந்த வெட்டை விட்டுவிட்டு மூலையில், பக்கச் சுவரின் மேல்விளிம்பு டிரான்சத்தைத் தொடும் இடத்திலிருந்து அளப்பதுதான். அப்படி அளந்தால் உண்மையான உயரத்தைவிடப் பல அங்குலம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி வாங்கும் மோட்டாரின் கால் நீரில் தேவைக்கு மேல் ஆழமாகத் தொங்கும்.

அளப்பதற்கு முன் படகைச் சமமான தரையில், அடிப்பகுதி எளிதில் எட்டும்படி நிறுத்துங்கள். நேரான நீண்ட சட்டம் ஒன்றை எடுத்து, படகின் அடியில் நடுக்கோட்டை ஒட்டி வைத்து, அது டிரான்சத்தைத் தாண்டி ஒரு முழம் பின்னே நீளும்படி பிடியுங்கள். அடிப்பகுதி எந்த மட்டத்தில் முடிகிறது என்பதை இந்தச் சட்டம் ஐயமின்றிக் காட்டும். நடுவில் ஏராக்கட்டை (கீல்) போன்ற புடைப்பு இருந்து, அது டிரான்சம் வரை வராமல் முன்னரே முடிந்துவிட்டால், சட்டத்தை அந்தப் புடைப்பின் மீது வைக்கக் கூடாது. மோட்டாருக்கு முன்னால் நீர் கடைசியாகத் தொட்டுவரும் பரப்பின் மீதுதான் வைக்க வேண்டும். பிறகு வெட்டின் நடுவிலிருந்து சட்டம் வரை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சாய்ந்த டிரான்சத்தில் பலகையை ஒட்டி அளப்பதற்கும் நேர்செங்குத்தாக அளப்பதற்கும் சிறு வேறுபாடு வரும். 14 டிகிரி சாய்வில் பலகையை ஒட்டி 20 அங்குலம் வந்தால், நேர்செங்குத்தாக ஏறத்தாழ 19.4 அங்குலம் வரும். எந்த முறையில் அளந்தீர்கள் என்பதைக் குறிப்பிட்டு இரண்டு அளவுகளையுமே விற்பவரிடம் கொடுப்பது நல்லது என்பது என் கருத்து. அரை அங்குலம் பெரிய வேறுபாடு அன்று. ஆனால் அளவு இரண்டு வகைகளுக்கு நடுவில் விழும்போது அதுவே முடிவைத் தீர்மானிக்கும்.

அவுட்போர்டு மோட்டார்கள் இந்த உயரத்துக்கு ஏற்றபடி வகை பிரிக்கப்பட்டே விற்கப்படுகின்றன. குட்டைக்கால் மோட்டார் 15 அங்குல டிரான்சத்துக்கும், நீண்டகால் மோட்டார் 20 அங்குலத்துக்கும், மிகநீண்டகால் மோட்டார் 25 அங்குலத்துக்கும் உரியவை. பெரிய படகுகளுக்கு 30 அங்குல வகையும் உண்டு. சென்டிமீட்டரில் சொன்னால் இவை முறையே ஏறத்தாழ 38, 51, 64, 76. உங்கள் அளவு இவற்றுள் ஒன்றுக்கு ஓரங்குலம் முன்பின்னாக இருந்தால் கவலை இல்லை. 17 அல்லது 18 அங்குலம் என்று நடுவில் நின்றால், டிரான்சத்தின் மேல்விளிம்பை உயர்த்தியோ, மோட்டாரை உயர்த்திப் பிடிக்கும் தாங்கி ஒன்றைப் பொருத்தியோதான் சரிசெய்ய முடியும்.

மோட்டாரை மாட்டிய பிறகு இறுதிச் சோதனை ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால், மேலே சொன்ன எல்லா அளவுகளையும்விட இதுவே நம்பத்தக்கது. மோட்டாரின் காலில் புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடைமட்டமாக ஒரு தகடு நீண்டிருக்கும். பட்டறைகளில் பலரும் அதைக் கேவிட்டேஷன் தகடு என்கிறார்கள். ஆனால் அதன் வேலை மேற்பரப்புக் காற்று புரொப்பெல்லரை அடையாமல் தடுப்பதுதான். கேவிட்டேஷன் என்பது அழுத்தக் குறைவால் நீரிலேயே ஆவிக் குமிழ்கள் தோன்றும் வேறொரு நிகழ்வு. மோட்டார் நேராக நிற்கும்போது அந்தத் தகடு படகின் அடிப்பரப்போடு ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வேகமாக நீரின் மேல் வழுக்கிச் செல்லும் படகில் அதற்கு மேலே ஓரங்குலம் வரை இருக்கலாம். முன்பு அடியில் வைத்த அதே சட்டத்தை மீண்டும் வைத்தால் இது நொடியில் தெரிந்துவிடும். தகடு மிகவும் தாழ்ந்திருந்தால் மோட்டாரின் கால் நீரை அதிகமாகக் கிழித்துச் செல்லும். வேகம் குறையும், எரிபொருள் வீணாகும், டிரான்சத்தின் மீது நீர் சிதறும். மிகவும் உயர்ந்திருந்தால் புரொப்பெல்லர் காற்றை உறிஞ்சி, எஞ்சின் மட்டும் ஓலமிட்டுச் சுழலும், படகு நகராது. குளிர்விக்கும் நீரை உள்ளிழுக்கும் துளைகளும் நீரைவிட்டு வெளியே வந்தால் எஞ்சின் சூடேறிப் பழுதாகிவிடும். மோட்டார் டிரான்சத்திலேயே இல்லாமல் அதற்குப் பின்னால் தள்ளி ஒரு தாங்கியில் நின்றால், பின்னே செல்லும் நீர் சற்று மேலெழுவதால், ஏறத்தாழ 10 அங்குலத் தள்ளலுக்கு ஓரங்குலம் மோட்டாரை உயர்த்துவது வழக்கம்.

அளவுகளோடு பக்கத்தையும் சொல்ல நேரும் இடங்களில் ஒரு கவனம் தேவை. படகின் இடமும் வலமும் எப்போதும் அணியத்தை நோக்கி நிற்பவருடைய இடமும் வலமுமே. தரையில் படகுக்குப் பின்னால் நின்று டிரான்சத்தைப் பார்க்கும்போது நீங்கள் அணியத்தை நோக்கித்தான் நிற்கிறீர்கள். உங்கள் வலமே படகின் வலம். படகுக்குள் நின்று பின்னோக்கி டிரான்சத்தைப் பார்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும். துளையிட வேண்டிய இடத்தை வேறொருவருக்குச் சொல்லும்போது எங்கே நின்று சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவறான பக்கத்தில் விழுந்த துளையை அடைக்கலாம்; ஆனால் அதன் தழும்பு நிரந்தரம்.

சுமையும் திருகாணிகளும்

சுமார் 60 குதிரைத்திறன் கொண்ட நான்கு வீச்சு மோட்டார் ஒன்றின் எடை ஏறத்தாழ 110 கிலோ. அந்த எடை முழுவதும் படகுக்கு வெளியே தொங்குகிறது. எஞ்சின் ஓடும்போது புரொப்பெல்லர் கீழேயிருந்து முன்னோக்கித் தள்ளுகிறது. அதன் விளைவாகத் தாங்கியின் கீழ்ப்பகுதி பலகையை உள்ளே அழுத்த, மேல்பகுதி பலகையிலிருந்து பிய்த்துக்கொண்டு பின்னே செல்லப் பார்க்கிறது. அலையில் படகு குதிக்கும்போதும், வண்டியில் ஏற்றிச் செல்கையில் சாலைப் பள்ளத்தில் விழும்போதும் இதே திசையில்தான் இழுப்பு ஏற்படுகிறது. ஆகவே டிரான்சம் ஒரு மூடி மட்டுமன்று. படகிலேயே மிகக் கடினமான சுமையைத் தாங்கும் உறுப்பும் அதுவே. கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றில் இந்தப் பலகையின் நடுவே தடித்த ஒட்டுப்பலகை வைக்கப்பட்டிருக்கும். மேலே பளபளப்பாகத் தெரிவது வெறும் தோல்தான். சுமை தாங்கும் உடல் உள்ளே இருக்கும் மரம்.

அந்த மரத்தின் எதிரி நீர். நீர் நுழைவது பெரும்பாலும் மனிதர் போட்ட துளைகள் வழியாகவே. மோட்டாரைப் பிடிக்கும் திருகாணிகளின் துளைகள், வடிகால் துளை, ஏணியின் பிடிகள், ஆழமானியின் உணரியைப் பொருத்தப் போட்ட சிறு திருகுகள் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு வாசல். எனவே புதிதாகத் துளையிடும்போது தேவைக்கு மேல் அகலமாகத் துளைத்து, அந்தத் துளையைக் கெட்டியாக்கிய எபாக்சி என்ற இறுகும் பிசினால் நிரப்பி, அது இறுகிய பிறகு அதன் நடுவில் சரியான அளவில் மீண்டும் துளையிடுங்கள். இப்படிச் செய்தால் திருகாணி மரத்தைத் தொடாமல் எபாக்சிக் குழாய்க்குள் நிற்கும். ஒரு நாள் பசை தளர்ந்து நீர் கசிந்தாலும் மரம் நனையாது. இரண்டு நாள் கூடுதலாகப் பிடிக்கும் இந்த வேலையைத் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். திருகாணிகள் கடல்நீருக்குத் தாங்கும் 316 வகைத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். உள்பக்கத்தில் அகலமான வாஷர்கள் வையுங்கள். துளையைச் சுற்றி நீரடியில் பயன்படுத்தத்தக்க பாலியூரித்தேன் வகைப் பசையைத் தாராளமாகப் பூசுங்கள். குளியலறைக்கு வாங்கும் சிலிக்கோன் இங்கே போதாது. உணரி போன்ற சிறு கருவிகளுக்கு நேரடியாகத் துளையிடுவதைவிட, ஒரு பிளாஸ்டிக் பலகைத் துண்டை டிரான்சத்தின் மீது ஒட்டி, திருகுகளை அந்தத் துண்டில் மட்டும் இறக்கிவிடுவது சிறந்தது.

உள்ளே அழுகியிருக்கிறதா என்று பார்த்தல்

பழைய படகு வாங்குபவர் எஞ்சினைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது டிரான்சத்துக்குக் கொடுக்க வேண்டும். முதலில் கண்ணால் பாருங்கள். மோட்டார் உட்காரும் வெட்டின் மூலைகளிலும், உள்தளம் டிரான்சத்தோடு சேரும் மடிப்புகளிலும் விரிசல் இருந்தால், பலகை அசைகிறது என்பதற்கு அது சான்று. மெல்லிய சிலந்திவலைக் கீறல்கள் மேற்பூச்சில் மட்டும் இருக்கலாம். நகத்தை வைத்தால் இறங்கும் விரிசல் அப்படிப்பட்டதன்று. தாங்கியின் அடியில் பரப்பு குழிந்திருந்தாலோ, திருகாணிகளைச் சுற்றிப் பழுப்பு நீர் வழிந்த கறை இருந்தாலோ அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது செவிக்கு வேலை. ஒரு சிறு சுத்தியலின் பிளாஸ்டிக் முனையாலோ திருப்புளியின் கைப்பிடியாலோ பலகையை மேலிருந்து கீழாக, கையளவு இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டக்' என்று கூர்மையாக ஒலிக்கும். ஊறிய மரமும் பிரிந்த அடுக்கும் 'தொம்' என்று மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வந்தால், நீர் எங்கிருந்து தொடங்கிப் பரவியது என்ற வரைபடமே கிடைத்துவிடும். அது பெரும்பாலும் வடிகால் துளையையோ கீழ்த் திருகாணிகளையோ மையமாகக் கொண்டிருக்கும்.

மூன்றாவது சோதனைக்கு மோட்டார் மாட்டியிருக்க வேண்டும். உரிமையாளரின் ஒப்புதலோடு மோட்டாரைப் பாதியளவு மேலே சாய்த்துவைத்து, அதன் கால் முனையைக் கையால் பிடித்து மேலும் கீழும் மெல்ல அழுத்துங்கள். இன்னொருவர் டிரான்சத்தின் மேல்விளிம்பைக் கவனிக்கட்டும். படகு முழுவதும் சேர்ந்து ஆடினால் நல்லது. படகு நிற்க, மேல்விளிம்பு மட்டும் வளைந்து மீண்டால் உள்ளே வலு போய்விட்டது. இதற்கு மேலும் ஐயம் இருந்தால், உள்பக்கத்தில் கீழ்ப்பகுதியில் உள்ள ஒரு திருகைக் கழற்றி, அந்தத் துளையிலிருந்து வரும் தூளைப் பாருங்கள். உலர்ந்த, வெளிறிய தூள் வந்தால் மரம் நலமாக உள்ளது. கருத்து ஈரமாகப் பிசுபிசுக்கும் தூள் வந்தால் பலகையை மாற்ற வேண்டியிருக்கும். பார்த்து முடித்ததும் துளையை அடைத்துவிட மறக்காதீர்கள்.

சிறு பரப்பில் ஊறியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, உலரவிட்டு, எபாக்சியும் புது மரமும் வைத்து மூடலாம். பாதிக்கு மேல் கெட்டுவிட்டால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை. ஒரு பக்கத் தோலைக் கழற்றி உள்மரம் முழுவதையும் மாற்ற வேண்டும். அது படகின் விலையில் பெரும் பகுதியை விழுங்கும் வேலை என்பதால், வாங்கும் முன்பே பேசித் தீர்க்க வேண்டியது.

நீரில் இருக்கும்போது

டிரான்சத்தில் உள்ள வளையங்களைக் கண்டதும் நங்கூரக் கயிற்றை அங்கே கட்டலாம் என்று தோன்றும். கட்டாதீர்கள். சிறு படகுகள் மூழ்குவதற்கு இது அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று. அணியம் அலையைப் பிளந்து மேலே ஏறுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. டிரான்சமோ தட்டையானது, தாழ்வானது, மோட்டாரின் எடையால் ஏற்கெனவே அமிழ்ந்திருப்பது. கயிறு பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்க, வரும் அலையின் மேல் படகு எழ முடியாமல், மோட்டாருக்காக வெட்டிய தாழ்வான இடத்தின் வழியாகவே நீர் உள்ளே பாயும். நங்கூரம் எப்போதும் அணியத்திலிருந்தே இறங்க வேண்டும்.

ஏணி டிரான்சத்தில் இருந்தால், யாராவது நீரிலிருந்து ஏறும்போது எஞ்சின் முற்றிலும் நின்றிருக்க வேண்டும். கியரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பது ஆபத்து, ஏனெனில் புரொப்பெல்லர் ஏணியிலிருந்து கையெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஓடும் எஞ்சினின் புகையும் இந்தப் பலகையைச் சுற்றியே தேங்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் நிறமும் கிடையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் குழந்தைகளை டிரான்சத்தின் மீதோ அதை ஒட்டிய படிமேடையிலோ உட்காரவைக்கக் கூடாது.

வடிகால் அடைப்பு டிரான்சத்தின் அடியில் இருப்பதால், படகை நீரில் இறக்கும் முன் கடைசியாகத் தொட்டுப் பார்க்க வேண்டிய உறுப்பும் அதுவே. நீரிலிருந்து ஏற்றியதும் அதைக் கழற்றிவிட்டு, அணியம் சற்று உயர்ந்திருக்கும்படி படகை நிறுத்திவைத்தால், உள்ளே தேங்கிய நீர் முழுவதும் வடிந்துவிடும். புதிதாக மாட்டிய மோட்டாராக இருந்தால் முதல் ஓட்டம் முடிந்து கரை சேர்ந்தவுடன் திருகாணிகளையும் பிடிதிருகுகளையும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பசையும் பலகையும் சுமையில் அமுங்கியிருக்கும் என்பதால் அவை பெரும்பாலும் இன்னும் கால் சுற்று இறங்கும்.